உள்பக்கம் போன எண்

இடுப்பு கழன்று தனியே விழுந்துவிடும்போல வலித்தது. காலையிலிருந்து இருபத்தாறு டயர் கழற்றி மாட்டியாகிவிட்டது. ஆளைப் பார்த்து 'கடப்பாரை' என்று டயர் கடையில் அவனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கடப்பாரைக்கு இடுப்பு இருக்காது என்ற நினைப்பு.

முதலாளி தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டே பேர் உட்காரும் சிவப்பு வண்டி. ஒரு மாதமாக அவருக்கு ஒரே குழப்பம்: ஒல்லியான ஒரிஜினல் சக்கரமே இருக்கட்டுமா, அகலமான அலாய் வீலும் டயரும் போடலாமா?

"போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன்டா. டயர் வெளியில சொல்லி வரவழைச்சிருக்கேன், புதுச் சரக்கு. பின்னால அறையில வந்து கிடக்கு."

"இந்த சைஸ் நம்ம குடோன்லயே அடுக்கு அடுக்கா இருக்கே முதலாளி?"

முதலாளி சிரித்தார். குரலைத் தாழ்த்தினார். "அது கஸ்டமருக்குடா. எனக்கு எதுக்கு?"

கடப்பாரைக்கு உச்சந்தலை வரை சுட்டது.

டயரின் ஓரத்தில், ஒரு பக்கம் மட்டும், நான்கு எண்கள் இருக்கும். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று அது சொல்லும். குடோன் சரக்குக்கு ஒன்பது வயது. கறுப்பு மை தேய்த்துப் பளபளப்பாக்கி, எண் உள்பக்கம் போகும்படி மாட்டச் சொல்வது முதலாளியின் வழக்கம். குனிந்து வண்டிக்கு அடியில் எவன் பார்க்கப் போகிறான்?

முன்பு அப்படி ஒன்றைத் தன் தங்கை புருஷனின் சரக்கு வண்டிக்கும் கடப்பாரை மாட்டினான். பாதி விலை என்றார் முதலாளி. எண்ணைப் பார்த்தான்; ஒரு வருஷம் ஓடாதா என்று மனதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டான். நாலாம் மாதம் டயர் வெடித்தது. மச்சானுக்கு ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை. "எங்க தலைவிதி அண்ணே. உங்க முதலாளி பாவம், பாதி விலைக்குக் கொடுத்தாரு" என்கிறாள் தங்கை.

முதலாளி சாப்பிடப் போனதும் கடப்பாரை குடோனுக்குப் போனான். நாலு கிழட்டு டயரை உருட்டிவந்தான். எண்ணை உள்பக்கம் வைத்தே மாட்டிவிடலாம். நூறில் போகும்போது ஒன்று வெடிக்கட்டும். ஒரு காலுக்கு ஒரு கால். முதல் சக்கரத்தை அப்படித்தான் மாட்டினான். நட்டைப் பாதி முறுக்கியவன் நிறுத்தினான். வெடித்தால் எதிரே வருகிறவனும்தானே சாவான்? கழற்றினான். எண் வெளியே தெரியும்படி திருப்பி மாட்டினான். மற்ற மூன்றும் அப்படியே. துணியால் எண்களைத் துடைத்தும் வைத்தான்.

முதலாளி திரும்பி வந்தபோது கடை நிறைய ஆட்கள். பெருமையாக வண்டியைச் சுற்றினார். குனிந்தார். முகம் வெளிறியது.

"டேய்! இது குடோன் சரக்குடா! ஒன்பது வருஷ ரப்பர்! வெடிச்சுச் சாவேன்டா! என்னைக் கொல்லப் பாக்குறியா?"

கடையிலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா முதலாளி?" என்றான் கடப்பாரை. "நல்லாச் சத்தமா சொல்லுங்க. போன மாசம் இங்க நிக்கிற இந்த ஸ்கூல் வேன் அண்ணனுக்கு மாட்டச் சொன்னீங்களே, அதுவும் இதே குடோன் சரக்குதான்."

வேன் டிரைவர் செல்போன் வெளிச்சத்தோடு தன் வண்டிக்கு அடியில் புகுந்தார். முதலாளி, "அது வேற ரகம், சார்... வேற ரகம்..." என்று இழுத்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தங்கள் வண்டிக்கு அடியில் குனிந்தார்கள். ஒரு அம்மா எழுந்து வந்து, "உன் உயிர் மட்டும் வெல்லக்கட்டியாய்யா?" என்று முதலாளியின் சட்டையைப் பிடித்தாள். அவர் மூச்சுத் திணறுவதைக் கண் கொட்டாமல் பார்த்தான் கடப்பாரை. இனித்தது.

வேன் டிரைவர் வெளியே வந்தார். முதலாளியிடம் போகவில்லை. நேரே இவனிடம் வந்தார்.

"மாட்டினது நீதானே? என் வண்டியில பதினாலு பிள்ளைங்க ஏறுதுப்பா. தெரிஞ்சேவா மாட்டினே?"

"தெரிஞ்சுதாண்ணே."

"அந்தாளு திருடன்னா நீ யாரு? தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு வாங்குற சம்பளமும் லஞ்சம்தான்யா."

இனிப்பு நாக்கிலேயே கசந்தது. அந்த மனிதர் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. வேனுக்கு ஜாக்கி வைத்து, முதலாளிக்கென்று வந்திருந்த புது டயர் அதற்குப் பொருந்துமா என்று பார்த்தான், பொருந்தவில்லை. "இதை ஓட்டாதீங்கண்ணே. வேற கடையில புதுசு போடுங்க. எண்ணைப் பாத்து வாங்குங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வெளியே நடந்தான்.

முதலாளியிடம் பழி தீர்ந்தது. தங்கையிடம் பட்ட கடன் தீரவில்லை. தலைவிதி இல்லை தாயி, தெரிந்தே அந்த டயரை மாட்டியது உன் அண்ணன் கைதான் என்ற உண்மையை அவளுக்கு அவன் இன்னும் சொல்லவில்லை.