உயிரோடு இருப்பவரின் தலை

நூலக வாசலில் தன் தலையைச் சிலையாக நிறுத்துவதைவிட, அது நிற்கப்போகும் இடம்தான் எவுராபாவை உறுத்தியது. அந்த வேப்பமர நிழலில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க இருக்கை கட்டித் தாருங்கள் என்றுதான் அவர் கேட்டிருந்தார். நாற்பது வருடம் அவர்களுக்குக் கதை எழுதியவர் வேறென்ன கேட்பார்? கிடைத்ததோ எட்டடிப் பீடம், சுற்றிலும் கம்பிவேலி, தொடக்கூடாது என்றொரு பலகை.

"கௌரவம்னா அண்ணாந்து பாக்கணும், ஆன்ட்டி," என்றார் விழாக்குழுத் தலைவர் மாண்புமிகு அமிஸ்ஸா. அவர் உரை பதினெட்டுப் பக்கம். எவுராபா அதில் இரண்டு இடத்தில் வந்தார்.

அழைப்புப் பதாகையை, சாவுச் செய்தி அடிக்கும் அச்சகத்தில் கொடுத்திருந்தார்கள். அந்த அச்சுக்காரருக்குக் கை பழகிய வேலை அது ஒன்றுதான். பெரிய படம், வயது எழுபத்தெட்டு, "நிறைவான வாழ்வு", சனிக்கிழமை காலை பத்து மணி. அப்புறம் ஊர் என்ன நினைக்கும்?

சனிக்கிழமை ஊரே துக்க வீட்டுக்கு உடுத்தும் கறுப்பும் சிவப்புமாக வந்து சேர்ந்தது. வாத்தியக்காரர்கள் மெல்ல, இழுத்து இழுத்து வாசித்தார்கள். மீன் விற்கும் மன்சா தலையில் கை வைத்துக்கொண்டே வந்தாள்.

"எங்கள விட்டுட்டுப் போயிட்டியே, அக்கா!"

முன்வரிசையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "எங்கடி போனேன்? இங்கதான் உக்காந்திருக்கேன்."

மன்சா அலறியதில் வாத்தியம் நின்றது. பிறகு ஊரே சிரித்தது. அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்ட மாண்புமிகு, திரைச்சீலையை இழுத்தார். தலை தெரிந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

"உயிரோட இருக்கறவ தலையச் சிமெண்டுல வைப்பாங்களா?" என்றாள் மன்சா. "என்ன அவசரம் உங்களுக்கு?"

"இது வெறும் கலைங்க..."

"கலைன்னா உங்க தலைய வைங்க, பாப்போம்!"

மாண்புமிகுவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. எவுராபா சட்டென்று எழுந்தார்.

"இந்தத் தலை நூலகத்துக்குள்ள ஒரு அலமாரியில இருக்கட்டும். நான் போனதுக்கப்புறம் எடுத்துக்கலாம், எனக்கு அவசரமில்ல. இந்தப் பீடத்தப் பிள்ளைங்க உக்கார்ற மாதிரி படிக்கட்டா வெட்டிக் குடுங்க."

துக்கத்துக்கு வந்த கொத்தனார்கள் நாலு பேர் சிவப்புத் துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வேலியைப் பிடுங்கினார்கள். தடுக்க நினைத்த மாண்புமிகு, மன்சா தன் கழுத்தையே பார்ப்பதைக் கண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் ஏழு படிகள் தயார். உச்சிப் படி யாருக்கு என்று பிள்ளைகளுக்குள் சண்டை. எவுராபா சமாதானம் செய்யவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.