அடியில் வெட்டிய பெயர்

கன்னியம்மாவின் முதலாண்டு நினைவு நாளன்று, அவளுடைய படத்துக்கு முன்னால் நீலக் கண்ணாடிப் பூச்சாடியை வைத்து, அதில் சாமந்திக் கொத்தொன்றைச் செருகினாள் மகள் அனுசுயா. படையலுக்கு வந்த உறவினரால் கூடம் நிறைந்திருந்தது. அண்ணி சரசா வாழையிலையைத் துடைத்தபடியே, தனக்குள் பேசிக்கொள்வதுபோல எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"தூக்கிகினு வந்த ஜாடியில பூ வெச்சா, கெயவி வாங்கிக்குவாளா இன்னா?"

இரண்டொருவர் சிரித்தார்கள். ஆவடியை அடுத்த பருத்திப்பட்டில் அந்தத் தெருவே அறிந்த கதை அது.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, ஆவடியில் அதிகாரிகள் குடியிருப்பில் இரண்டு வீடுகளில் கன்னியம்மா வேலை பார்த்தாள். ஒன்று மானேஜர் வீடு. மற்றது கல்கத்தாவிலிருந்து வந்திருந்த டீச்சரம்மாவின் வீடு. டீச்சரம்மா மாற்றலாகிப் புறப்பட்டபோது, தம் பாட்டனார் காலத்து நீலச் சாடியைக் கன்னியம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறினார். அதே வாரம், மானேஜரின் மனைவி ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்திருந்த நீலச் சாடி காணாமற்போயிற்று. அந்த அம்மாள் கன்னியம்மாவின் வீட்டு வாசலில் நின்றே அலமாரியைப் பார்த்தாள். "எங்களுடையது மாதிரிதான் இருக்கிறது" என்றாள். சாடியைத் தொடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாமென்று சொல்லிப் போய்விட்டாள்.

"டீச்சரம்மா கையால குடுத்தது" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள் கன்னியம்மா. ஆம் என்று சொல்ல வேண்டியவர் எந்த ஊரில் இருந்தாரோ!

படையல் முடிந்த மறுவாரம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தான் பார்த்துவந்த பேக்கிங் வேலைக்கு ஒருநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, சாடி எந்த ஊர்ச் சாமான் என்று கேட்டுவருவதாக அண்ணியிடமும் சொல்லி, சாடியைப் பழம்புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினாள் அனுசுயா. பழைய பங்களாக்களின் கண்ணாடி விளக்குகளைப் பழுதுபார்க்கும் கஜபதி அங்கே இருந்தார். கண்ணாடியைப் பார்த்தே ஊர் சொல்லிவிடுவார் என்று பேர்.

அவர் சாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நகத்தால் ஒருமுறை தட்டிக் கேட்டார்.

"நல்ல பழசும்மா. வாயால ஊதினது. இதோ பாரு, உள்ள குமிழி கீது."

"ஜெர்மனியா, கல்கத்தாவா? அத மட்டும் சொல்லுங்கண்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"ரெண்டு ஊருலயும் இந்த மாரி ஊதியிருக்காங்க. அடியப் பாத்தாதான் சொல்லலாம். நான் பாத்த வரைக்கும், ஜெர்மனி சாமான்னா கிரீடம் போட்டு முத்திரை இருக்கும். கல்கத்தா பட்டறையில ஊசியால நம்பர் கிறுக்கி வெப்பாங்க. ஒரே பார்வையில சொல்லிடுவேன்."

சாடியைக் கவிழ்த்தவர், அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

அடிப்பக்கம் முழுவதும் வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தது. அதன்மேல், எவர்சில்வர் குண்டானில் வெட்டுவதுபோலவே, புள்ளி புள்ளியாக 'அனுசுயா' என்றிருந்தது.

"இத யாரும்மா பண்ணது?"

"நான்தாண்ணே."

சென்ற ஆண்டு கன்னியம்மாவின் காரியம் முடிந்து பாத்திரம் பண்டங்களைப் பங்கு பிரிக்கும் பேச்சு வந்தபோது, பெயர் வெட்டாத சாமானெல்லாம் பொது என்று சொல்லிவிட்டாள் சரசா. திருட்டுச் சாமான் என்று தூற்றிய அந்தச் சாடியின்மேல்தான் அவள் கண் முதலில் போயிற்று. அன்று மாலையே அனுசுயா இரண்டு குண்டானோடு சாடியையும் சேர்த்து, ஆவடி மார்க்கெட்டில் பாத்திரக்கடை வாசலில் பெயர் வெட்டும் வேம்புலியிடம் கொடுத்தாள்.

"அடியில இன்னாவோ குறி கீது. தேச்சிட்டு வெட்டட்டா?" என்று அவர் கேட்டிருந்தார்.

"தேச்சிடுண்ணே. பேரு பளிச்சுனு தெரியணும்."

தன் குகையைப் பிறர் கண்டுவிடலாகாது என்று, நடந்த தடத்தையெல்லாம் வாலால் அழித்துக்கொண்டே இரைதேடப் போன நரியொன்று, திரும்பும் வழி தெரியாமல் காட்டின் நடுவே உட்கார்ந்துவிட்டதாம். அந்த நரியாவது வாய்விட்டு ஊளையிட்டிருக்கும்.

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. கிரீடம் மாரி இருந்துதா, நம்பர் மாரியா?" என்று தணிந்த குரலில் கேட்டார் கஜபதி.

அனுசுயா கண்ணை மூடிக்கொண்டாள். சாடியின்மேல் பதிந்திருந்த சரசாவின் பார்வை நினைவுக்கு வந்தது. சாடியின் அடி வரவில்லை. ஆண்டாண்டுக் காலம் அந்தச் சாட்சி அலமாரியிலேயே இருந்திருக்கிறது. அம்மாவுக்குச் சாதகமாகவோ, எதிராகவோ? ஒருவரும் ஒருநாளும் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேரே ஆவடிக்குப் போனாள். வேம்புலி கையிலிருந்த எந்திரத்தை நிறுத்தினார்.

"யம்மா, ஒரு நாளிக்கு நூறு அடியப் பாக்கறேன். பொண்டாட்டி மூஞ்சியே ஞாபகத்துல நிக்கல, உன் ஜாடி அடியா நிக்கும்?"

சிரிக்கப் போனவர் அவள் முகத்தைக் கண்டு, உட்கார்ந்திருந்த முக்காலியை அவள் பக்கமாகத் தள்ளினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நம்பர் மாரிதான் இருந்துது... இரு. கிரீடம்னு நீ சொன்னதும் அதுவும் கண்ணுல வருது. தெரியல தாயீ." சற்றே தயங்கினார். "ஒண்ணு பண்றேன். நம்பர்தான்னு உங்க ஊட்டாண்ட வந்து சொல்லட்டா? கற்பூரம் அடிச்சுகூட சொல்றேன்."

அந்த ஒரு சொல் போதும். சரசாவின் வாய் அடைத்துப்போகும். அனுசுயாவின் உதடு வரைக்கும் 'சரி' என்ற சொல் வந்தது. "வேணாண்ணே" என்று சொல்லிவிட்டு, சாடியைப் புடவையில் சுற்றிக்கொண்டாள்.

அவள் வீடு திரும்பியபோது, தெருக்குழாயடியில் குடம் வைத்திருந்த சரசா நிமிர்ந்தாள். "இன்னாடி அனுசு, எந்த ஊராம்?"

"தெரியாதாம் அண்ணி."

"தெரியாதாமா, நீ சொல்லமாட்டியா?"

அனுசுயா உள்ளே போனாள். சாடியில் தண்ணீர் ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். குனிந்து பார்த்தபோது, தண்ணீருக்கடியில் அவளுடைய பெயர் இடம் வலம் மாறித் தெரிந்தது. பூ வாங்கிவர மறந்திருந்தாள். அம்மாவின் படத்தைப் பார்க்காமலே, அதுவரை அவளிடம் ஒருநாளும் கேட்டிராததைக் கேட்டாள்:

"டீச்சரம்மாதானேம்மா குடுத்தாங்க?"