மாங் செலோவை உதறிய இடம்

ஐந்து பேர் வரை நின்றால் அது சும்மா நிற்பது. ஆறாவது ஆள் வந்து சேர்ந்தால் அது கூட்டம். கூட்டம் போட வேண்டுமென்றால் மூன்று நாள் முன்னதாகவே ஊர்த் தலைவரான கேப்டன் ஹொனோராடோவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட மாட்டார்.

சான்டா மோனிங் ஊரில் இந்த உத்தரவு இளவட்டங்களுக்கு மட்டும்தான். பெரிய ஆட்கள் நூறு பேர் சேவலைச் சுற்றி நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அது கூட்டம் இல்லை, விளையாட்டு.

உத்தரவை நடத்திக் காட்ட வேண்டியவன் தாக்யோ. காலையில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குவான். மத்தியானத்துக்கு மேல் ஊர்க்காவல் சட்டையை மாட்டிக்கொண்டு, ஊதலைக் கழுத்தில் தொங்கவிட்டு, தெருத் தெருவாகப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு போவான். இரண்டில் மூட்டையே தேவலை. வைத்த இடத்தில் இருக்கும், எதிர்க்கேள்வி கேட்காது.

எல்லாவற்றுக்கும் காரணம் கூடைப்பந்து மைதானம். மேலே கூரை போட்ட நல்ல மைதானம். கேப்டன் முதலில் ஒரு சேவல் கூண்டைக் கொண்டுவந்து ஓரமாக வைத்தார். மழைக்காக என்றார். மழை விட்டது, கூண்டு இருபத்திரண்டு ஆனது. போன மாதம் பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து, "எங்கள் மைதானத்தில் உங்கள் சேவலுக்கு என்ன வேலை?" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவள் தாக்யோவின் மகள் ஜோவிலின், பதினேழு வயது. மறுநாள் காலையிலேயே உத்தரவு ஒட்டப்பட்டது.

பிள்ளைகள் விடவில்லை. நகராட்சிக்கு எழுதினார்கள். பதிலும் வந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஐம்பது இளைஞர்கள் ஒரே கூட்டமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கண்ணால் பார்த்ததாக ஊர்க்காவல் ஆள் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிச் செய்தால் மைதானம் பிள்ளைகளுக்கு. இல்லையென்றால் கேப்டன் ஏற்கெனவே கொடுத்திருக்கும் மனு செல்லும், மைதானம் சேவல் பண்ணை ஆகும்.

ஊர்க்காவலில் இருந்தது மூன்று பேர். ஒருவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். இன்னொருவன் கேப்டனின் மைத்துனன் இஸ்கோ. மிச்சம் தாக்யோ.

"அப்பா, நீங்க வந்து பார்த்தாப் போதும். ஒரே ஒரு கையெழுத்து," என்றாள் ஜோவிலின், சோற்றில் கருவாட்டைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே.

"ஆறு பேர் சேர்ந்தாலே நான் ஊதிக் கலைக்கணும். ஐம்பது பேரைப் பார்த்துட்டு, பார்த்தேன்னு கையெழுத்து வேற போட்டா, அடுத்த நிமிஷம் என் சட்டையைக் கழட்டிடுவாரு."

"அந்தச் சட்டையில என்னப்பா இருக்கு? முதுகுல கிழிசல்தான் இருக்கு."

"மாசத்துக்கு அரை மூட்டை அரிசி இருக்கும்மா."

ஜோவிலின், சோறு ஆலையிலிருந்து வந்ததா காவலிலிருந்து வந்ததா என்று பார்ப்பவள்போல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேப்டன் தாக்யோவைக் காவலுக்கு எடுத்ததே அவனுக்கு எழுதத் தெரியாது என்பதற்காகத்தான். காவல் நோட்டு சுத்தமாக இருக்கும் என்று நினைத்தார். தாக்யோ நாற்பத்தாறாவது வயதில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டு வந்து நின்றான். அதற்கப்புறம் கண்ணில் பட்டதையெல்லாம் நோட்டில் எழுதினான். "கேப்டன் நாய் தபால்காரரைக் கடித்தது. தபால்காரர் பேரில் தப்பில்லை." அந்தப் பக்கத்தை இஸ்கோ கிழித்தான். தாக்யோ அடுத்த பக்கத்தில் எழுதினான்: "முன் பக்கம் கிழிக்கப்பட்டது. கிழித்தது இஸ்கோ."

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் முதல் முயற்சி செய்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் ஐந்து ஐந்து பேராகப் பத்து வட்டம். வட்டத்துக்கு வட்டம் நாலு முழம் இடைவெளி. தாக்யோ ஒவ்வொரு வட்டமாக எண்ணினான். எல்லாம் ஐந்து. ஊத வழியில்லை.

ஒரு வட்டத்தில் பேசினதை அடுத்த வட்டத்துக்குச் சொல்ல சுருட்டை என்ற பையன் ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தால் அங்கே ஆறு ஆகிவிடும். ஆகவே அவன் வரும்போது அங்கிருந்து ஒருத்தி எழுந்து மூன்றாவது வட்டத்துக்கு ஓடினாள். அங்கிருந்து ஒருவன் நான்காவதற்கு. கொஞ்ச நேரத்தில் ஊரே ஓடிக்கொண்டிருந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மைதானம் வேண்டும் என்று கிளம்பின பேச்சு, பத்தாவது வட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது யாரோ மயக்கம் போட்டு விழுந்துவிட்டதாக ஆகியிருந்தது. இரண்டு பேர் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

கேப்டன் வந்து பார்த்துவிட்டு, அந்த இடத்திலேயே உத்தரவில் ஒரு வரி சேர்த்தார். வட்டத்துக்கு வட்டம் ஐம்பது முழம்.

"யோவ் தாக்யோ, நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு. ஆறு தலை சேர்ந்துச்சு, உன் தலை என்கிட்ட வேலைக்கு இருக்காது. பார்த்துக்க."

"என் தலை எப்பவுமே என்கிட்டதான் இருந்திருக்கு, கேப்," என்றான் தாக்யோ. அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். கேப்டன் முறைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம்தான் மாங் செலோ செத்துப்போனார்.

மாங் செலோவுக்கு எழுபத்தெட்டு வயது; 'மாங்' என்பது பெரியவர்களுக்கு ஊர் தரும் மரியாதை. கேப்டனிடம் 'செனடோர்' என்று ஒரு சிவப்புச் சேவல் உண்டு. நான்கு வருடமாக அதற்கு எதிராகவே சேவல் விட்டு, நான்கு வருடமாகத் தோற்றவர் அவர். போன வாரம் படுத்த படுக்கையில் இருந்தபோதுகூட, பார்க்க வந்த கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனாலும் ஒருநாள் வந்து அந்தச் செனடோர் கழுத்தைத் திருகாம விட மாட்டேன்டா," என்று சிரித்தார். கேப்டனும் சிரித்தார். வெளியே வந்து மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை துக்கவீட்டில் நல்ல கூட்டம். பிஸ்கட், காப்பி, தர்பூசணி விதை, ஒரு மூலையில் சீட்டாட்டம். கேப்டன் அனுப்பின மலர்வளையம் வாசலிலேயே இருந்தது. அதில் செத்தவர் பெயரைவிடக் கேப்டன் பெயர் பெரிதாக இருந்தது. பிணத்துக்கு ஐஸ் எடுத்துவரத் தன் வண்டியையும் கொடுத்து அனுப்பிவிட்டு, அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தாக்யோ விதையைக் கொறித்துக்கொண்டு ஒரு பக்கமாக நின்றான். பிள்ளைகள் வந்தார்கள். ஐந்து பேர் வந்து கும்பிட்டார்கள், பிஸ்கட் எடுத்தார்கள், போனார்கள். அப்புறம் ஐந்து பேர். அப்புறம் ஐந்து பேர். கேப்டன் மனம் குளிர்ந்து, "பாருய்யா, உத்தரவு போட்டதும் எவ்வளவு ஒழுக்கம் வந்திருக்கு!" என்றார்.

தாக்யோவுக்கு என்னமோ இடித்தது. மாங் செலோ உயிரோடு இருந்தபோது இந்தப் பிள்ளைகள் அவருடைய கொய்யா மரத்தைத்தான் பார்க்க வருவார்கள். கடைசி ஐந்து பேருக்குப் பின்னாலேயே நடந்தான்.

துக்கவீட்டிலிருந்து யாரும் நேரே தன் வீட்டுக்குப் போக மாட்டார்கள். போனால் செத்தவர் கூடவே வந்து வீட்டில் உட்கார்ந்துகொள்வார். வழியில் வேறு எங்காவது கொஞ்ச நேரம் நின்று, அவரை அங்கே உதறிவிட்டுத்தான் போக வேண்டும். சான்டா மோனிங்கில் ஆலிங் பாசிங் என்ற அம்மாவின் கடையில்தான் எல்லாரும் உதறுவார்கள். இன்று கடை பூட்டியிருந்தது. செத்தவர் ஆலிங் பாசிங்கின் அண்ணன். அதை விட்டால் ஊரில் நிற்க நிழலுள்ள இடம் ஒன்றுதான்.

மைதானத்தில், சேவல் கூண்டுகளுக்கு நடுவே, ஐம்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாக்யோ இரண்டு தடவை எண்ணினான். நடுவில் ஜோவிலின், மடியில் தாள்.

அவன் ஊதலை எடுத்து ஊதினான். "எல்லாரும் கலைஞ்சு நேரா வீட்டுக்குப் போங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. சின்னப் பிள்ளைகள் சிலர் அவனைப் பயத்தோடு பார்த்தார்கள்.

"நேராவா, மாங் தாக்யோ?" என்றான் சுருட்டை.

"நேரா இல்லடா. வந்து... சுத்திட்டு."

"அதுக்குத்தான் இங்க வந்திருக்கோம். உதறிட்டு இருக்கோம்."

"உதறுறதுக்கு எதுக்குடா தாளும் பேனாவும்?"

"உதறும்போது சும்மா இருக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லலையே அப்பா," என்றாள் ஜோவிலின். தாள் ஏற்கெனவே கைமாறிக்கொண்டிருந்தது.

நாலே காலுக்குக் கேப்டன் நடந்தே வந்தார். வண்டி ஐஸுக்குப் போயிருந்தது, கடை பூட்டியிருந்தது, அவருக்கும் உதற வேண்டியிருந்தது. பார்த்ததும் முகம் செனடோரின் கொண்டை நிறத்துக்குப் போனது.

"தாக்யோ! எத்தனை?"

"ஐம்பத்தொண்ணு கேப். உங்களையும் என்னையும் சேர்க்காம."

"போங்கடா எல்லாம் வீட்டுக்கு! இந்த நிமிஷமே!"

சுருட்டை எழுந்து மண்ணைத் தட்டப்போனவன், தட்டாமல் கையைக் கட்டிக்கொண்டான். "சரி கேப். எங்க வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் ஒரே சுவர்தான், தெரியுமில்ல? நான் இன்னும் உதறலை. பரவாயில்லையா?"

கேப்டன் யோசித்தார். "நில்லு. நில்லுடா! முதல்ல உதறு. எல்லாரும் நல்லா உதறித் தொலைங்க!"

ஐம்பத்தொரு பேரும் எழுந்து கையை உதறினார்கள், காலை உதறினார்கள், சட்டையை உதறினார்கள், குதித்தார்கள். கேப்டனும் அவர்களோடு சேர்ந்து இரண்டு குதி குதித்தார். மைதானம் அதிர்ந்தது. இருபத்திரண்டு சேவலும் கத்தின. அப்புறம் எல்லாம் அடங்கின. அடங்கினதும் செனடோர் மட்டும் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, 'க்ர்ர்க்' என்று ஒரு சத்தம் கொடுத்தது.

கேப்டன் அப்படியே நின்றுவிட்டார். செலோவை இவ்வளவு பேர் இவ்வளவு பலமாக எங்கே உதறியிருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"இங்கயா..." என்றார். கையால் கூண்டுகளைக் காட்டினார். "இங்கயா உதறினீங்க?"

"நீங்கதான் கேப் நல்லா உதறச் சொன்னீங்க," என்றான் சுருட்டை.

"யோவ் தாக்யோ! கூண்டைத் தூக்கு! எல்லாரும் வந்து ஆளுக்கொண்ணு தூக்குங்க!"

"நாங்க ஆளுக்கொண்ணு தூக்கினா இருபது பேர் சேர்ந்து ஊர்வலம் போற மாதிரி ஆயிடும் கேப்," என்றாள் ஜோவிலின். "அதுக்கு மூணு நாள் முன்னாடி கையெழுத்து வாங்கணும்."

மறுநாள் செனடோருக்குச் சண்டை. நின்று பேச நேரமில்லை. கேப்டன் செனடோரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். இஸ்கோவைக் கூட்டிக்கொண்டு திரும்பி ஓடிவந்தார். இருவரும் ஆளுக்கொரு கூண்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவை வரும்போதும் கூட்டத்தைப் பார்த்துக் கத்த வாயைத் திறப்பார். மூச்சு வாங்கும். மூன்றாம் நடையில் வசவு பாதியானது. ஏழாம் நடையில் வெறும் விரலை மட்டும் ஆட்டினார்.

கூட்டம் அதுபாட்டுக்கு நடந்தது. எதைப் பேச வேண்டுமோ அதைப் பேசினார்கள். வளையத்துக்கு வலை வேண்டும் என்றார்கள். ஒரு சின்னப் பெண், கயிறு தாண்டுகிறவர்களுக்கும் ஒரு மூலை வேண்டும் என்றாள். எழுதிக்கொண்டார்கள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தாள் தாக்யோவிடம் வந்தது.

அவன் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஐம்பத்தொரு பேரும் அவன் கையையே பார்த்தார்கள். அரை மூட்டை அரிசி எவ்வளவு கனம் என்று அவன் முதுகுக்குத் தெரியும். மகள் வாயைத் திறந்து கேட்டிருந்தால்கூட மறுத்திருக்கலாம்.

தாளைத் தூணில் வைத்து, யூஸ்டாக்யோ என்று முழுப் பெயரையும், ஓர் எழுத்தும் விடாமல் எழுதினான். அவன் எழுத்து மெதுவாகத்தான் வரும். "சீக்கிரம் மாங் தாக்யோ," என்று யாரோ முனகினார்கள். கீழே இன்னொரு வரி சேர்த்தான்: "கூட்டம் நடந்தது. நான் பார்த்தேன். சத்தம் கொஞ்சம்தான்." சுருட்டை தாளை வாங்கிக்கொண்டு சைக்கிளில் நகராட்சிக்குப் பறந்தான்.

கடைசியாகச் செனடோரின் காலிக் கூண்டை எடுக்க வந்த கேப்டன், தாள் போவதைப் பார்த்துவிட்டார்.

"என்னய்யா எழுதிக் கொடுத்த?"

"கூட்டம்னு எழுதினேன் கேப்."

"உதறினதுன்னு எழுதித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"உதறினது உதறினது. கூட்டம் கூட்டம். ரெண்டையும் பார்த்தேன்."

கேப்டன் கையை நீட்டினார். "கழட்டு. சட்டையைக் கழட்டிக் குடு."

தாக்யோ ஒரு பொத்தானைக் கழற்றினான். இரண்டாவதில் கை வைத்து நிறுத்தினான்.

"குடுத்துடறேன் கேப். ஒரே ஒரு விஷயம். எல்லாரும் உதறினப்ப நான் எண்ணிக்கிட்டு நின்னேன். இந்தச் சட்டை செலோ வீட்டுல ரெண்டு மணி நேரம் இருந்திருக்கு. இன்னும் உதறலை. நீங்க இதை எடுத்துக்கிட்டு நேரா சேவலுங்ககிட்டதான போவீங்க?"

கேப்டனின் கை நீண்டது நீண்டபடி நின்றது. அப்புறம் சூடு பட்டதுபோல் பின்னால் போனது.

"கிட்ட வராத! போடு, பொத்தானைப் போடுய்யா! நீயே வச்சுக்க!" கடைசிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினார். கூண்டிலிருந்து ஒரு சிவப்பு இறகு மட்டும் பறந்து வந்து தரையில் விழுந்தது.

ஒருவன் எங்கிருந்தோ பந்தைக் கொண்டுவந்தான். முதல் தட்டிலேயே பந்து சேவல் எச்சத்தில் விழுந்து, பிடித்தவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுத்தவன் மேல் எறிந்தான்.

ஜோவிலின் அப்பாவிடமிருந்து இரண்டடி தள்ளியே நின்றாள். "நிஜமாவே உதறலையாப்பா? அப்படின்னா வீட்டுக்கு வராதீங்க. அம்மா திட்டும்."

"உதறாம இருப்பேனா? உங்களைப் பார்க்கறதுக்கு முன்னாடியே, மைதானத்து வாசல்லயே உதறிட்டேன்." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். "செலோவும் என்னோட அரிசி ஆலையில மூட்டை தூக்கினவர்தான். இந்தப் பொய்க்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாரு."

ஊதலை எடுத்து வாயில் வைத்தான். பழக்கதோஷத்தில் தலைகளை எண்ண ஆரம்பித்து, ஐந்தோடு விட்டுவிட்டு, ஆட்டத்துக்கு ஊதினான்.