முயல் படம் போட்ட கண்மை

எங்கள் முதலாளி பொன்ராஜுக்குத் திடீரென்று முயல் மேல் பாசம் பொங்கியபோதே எனக்குச் சந்தேகம்தான். ஞாயிற்றுக்கிழமை பண்ணை முயல் கறிக்கு ஆள் அனுப்புகிற மனிதர் அவர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

நாகல் நகரில் அவருடைய பேன்சி ஸ்டோரில் பில் போடுகிறவள் நான். சென்னையிலிருந்து வந்த ஒரு கம்பெனிக்காரர்தான் இதைக் கிளப்பிவிட்டார். முயல் போன்ற விலங்குகள் மேல் போட்டுச் சோதித்த சோப்பு, கிரீம் எதையும் பெரிய கடைகள் இப்போது வாங்குவதில்லை என்றார். அதற்குப் பதிலாக ஆய்வுக்கூடத்தில் வேறு முறையில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்றும் சொன்னார். முதலாளி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

மறு மாதமே வாசலில் முயல் படம். ‘வாயில்லா ஜீவன்களை வதைத்த பொருள் இங்கே விற்பதில்லை’ என்று ஒரு போர்டு. கூடவே, சித்தையன்கோட்டையில் யாரோ கொட்டகையில் காய்ச்சிய கண்மை, எங்கள் கடைப் பெயரில் வந்து இறங்கியது. டப்பா மூடியிலும் முயல்.

“இத எதுலயாச்சும் சோதிச்சாகளா மொதலாளி?” என்று கேட்டேன்.

“எதுலயுமே சோதிக்கல. அதான நம்ம பெருமையே!”

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் முதலில் பிரித்துப் பூசிக்கொள்ள வேண்டியவள் என்னோடு வேலை பார்க்கிற யுவராணி. அவள் ராசிக்காரி, அவள் முகத்தில் பட்டால் சரக்கு ஓடும் என்பது முதலாளியின் நம்பிக்கை. அவளுக்கும் அதில் பெருமைதான். கண்ணாடியைப் பார்த்து இரண்டு கண்ணிலும் மை தீட்டிக்கொண்டு, “எப்பிடிக்கா இருக்கு?” என்றாள். அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலமே கண் சிவந்தது. மறுநாள் இமை வீங்கித் திறக்க முடியவில்லை. நான்தான் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒரு கண் தப்பியது. இன்னொன்றில் கருவிழியில் புண், பார்வை திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்று கட்டுப் போட்டுவிட்டார்.

“அந்த டப்பாவையெல்லாம் எடுத்துருங்க மொதலாளி,” என்றேன்.

“அவளுக்குத் திருஷ்டி பட்டிருக்கு. ஒருத்திக்கு ஒத்துக்கலன்னு சரக்கக் குப்பையில கொட்டச் சொல்றியா? ஒன் சோலியப் பாரு.”

டப்பாக்கள் முன்வரிசைக்கு வந்தன. யாராவது எடுத்தால் நைசாக வேறு கம்பெனி மையை மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். அதைக் கண்டுகொண்டு, கண்மைக்கு அவரே பில் போட ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை நல்ல கூட்டம். சம்பளம் பிடிப்பார்களே என்று யுவராணி கட்டுப் போட்ட கண்ணோடு வந்து வளையல் பக்கம் நின்றிருந்தாள். சோப்பு வாங்க வந்த ஒரு பெண்ணின் கைக்குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. அப்போது முதலாளியின் மனைவி சொர்ணலட்சுமி, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“பிள்ளைக்கு மை கலைஞ்சிருச்சு. நம்ம கடை மையவே செத்த வச்சு விடுறேன்,” என்று முன்வரிசையிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து விரலால் தொட்டார்.

“ஏய்! பிள்ளைக்கு அதப் போடாத!”

முதலாளி பாய்ந்து வந்து டப்பாவைத் தட்டிவிட்டார். அது தரையில் விழுந்து சிதறியது. கடை மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. தெரிந்தேதான் விற்றிருக்கிறான், பாவி. இதற்கு மேல் ‘அவர்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அழுகிற குழந்தையோடு நின்ற பெண் முன்னால் வந்தாள்.

“ஏண்ணே போடக் கூடாது? நேத்து நீங்கதான குடுத்தீக. ராத்திரி இவனுக்குப் போட்டு விட்டேன். காலையிலருந்து கண்ணத் தொறக்கவே மாட்டேங்குறான். மெடிக்கலுக்குப் போற வழியிலதான் இங்கிட்டு வந்தேன்.”

முதலாளி பேத்தியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

யுவராணி வளையல் பக்கமிருந்து வந்தாள். அழுகிற குழந்தையின் முகத்தை மெல்லத் திருப்பி, தன் ஒற்றைக் கண்ணால் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

“அக்கா, ஓடிப் போயி ஒரு ஆட்டோ புடிங்க,” என்றாள் என்னிடம். “இவனுக்கு ரெண்டு கண்ணும்க்கா.”