பக்கத்துக் காரின் பீப் சத்தம்

லிஃப்ட் மெக்கானிக்குக் கார் விஷயத்தில் ஒரே கொள்கைதான். எந்த வண்டியில் ஒயர் கம்மியோ அந்த வண்டியில் தொல்லையும் கம்மி. இருபத்தெட்டு வருஷம் கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறைகளுக்குள் கிரீஸும் வியர்வையுமாகக் காலம் தள்ளியவர் அவர். பட்டன் அதிகமாக இருந்த லிஃப்டுகள்தான் அவரை அதிகம் படுத்தியிருந்தன. அதனால், கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கவேண்டிய தன்னுடைய பதினோரு வயதுக் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

"ஏசி இருக்கு, பிரேக் இருக்கு, ஹார்ன் இருக்கு. வேற என்ன வேணும்? வண்டி நம்மகிட்ட பேசணுமா?" என்று மச்சானிடம் கேட்பார்.

மச்சான் மாசத்துக்கு ஒரு புது வண்டியைப் பார்த்துவிட்டு வந்து ஆசை காட்டுகிறவன். "மாமா, கூரையே திறக்குது மாமா!"

"மழை பெஞ்சா?"

"மூடிக்கலாம்."

"அதான் ஏற்கெனவே மூடித்தானே இருக்கு!"

டீச்சர் சிரிப்பாள். அவருடைய மனைவிதான். கணக்கு டீச்சர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வேலையிலிருந்து நின்றுவிட்டாள். இருந்தாலும் வீட்டில், தெருவில், ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான், கட்டின புருஷன் உட்பட. வாரத்துக்கு மூன்று நாள், காலை ஏழு மணிக்கு, டயாலிசிஸ். அந்தப் பழைய கார் இத்தனை நாளாக ஒரு தடவைகூட அவளைத் தாமதப்படுத்தியதில்லை.

அவர்கள் குடியிருந்தது தரைத்தளத்தில். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். அவருடைய காரை ஒட்டி நின்றது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடைய கார். நாலு பக்கமும் கேமரா, நடுவில் டிவி மாதிரி ஒரு திரை, தொட்டதற்கெல்லாம் சத்தம். தினமும் விடிந்தும் விடியாத நேரத்தில் அது பின்னால் நகரும், 'பீப், பீப், பீப்' என்று ஊரைக் கூட்டும். மெக்கானிக் அவருக்கு 'பீப் சார்' என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது.

சத்தத்தைவிட அவருக்கு எரிச்சலூட்டியது இன்னொன்று. கடைக்காரர் யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டார். பின்னாலிருந்து "குட்மார்னிங் சார்" என்றால் நேரே பார்த்தபடி கையை மட்டும் தூக்குவார். "நாற்பத்தஞ்சு வயசுக்கு இவ்வளவு தலைக்கனம் ஆகாது" என்பார் மெக்கானிக்.

டயாலிசிஸ் நாள் ஒன்றில் ராத்திரி முழுக்க டீச்சருக்குத் தூக்கமில்லை. காலையில் கண் அசந்த நேரம் பார்த்து பீப் சத்தம். மெக்கானிக் பனியனோடு வெளியே போனார்.

"ஏன் சார், டீச்சர் இப்பதான் கண் அசந்தா. ரிவர்ஸ் எடுக்கறதுக்குக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாப் போதாதா? கேமராவும் பீப்பும் இல்லாம வண்டி ஓட்டத் தெரியாதா உங்களுக்கு?"

கடைக்காரர் நேரே பார்த்தபடியே, "மன்னிச்சுக்குங்க. வீட்ல அவங்க தூங்கறது தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து காலையில் சத்தமே இல்லை. சாயங்காலமே வண்டியைப் பின்பக்கமாக உள்ளே விட்டு நிறுத்த ஆரம்பித்திருந்தார் கடைக்காரர். காலையில் நேராக வெளியே போனால் போதும். மெக்கானிக் அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. டீச்சரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காரில் உட்கார வைத்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. விளக்கு பளிச்சென்று எரிந்தது, ஆக பேட்டரி இல்லை. பானெட்டைத் தூக்கினார்.

எலி. காகிதத் துணுக்கும் பஞ்சுமாக ஒரு கூடு கட்டி, போதாக்குறைக்குக் கொத்தாக ஒயர்களைக் கடித்துத் துப்பியிருந்தது.

"என்னங்க ஆச்சு?" உள்ளேயிருந்து டீச்சர் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, இரு" என்றார். குரல் அவருக்கே நம்பும்படியாக இல்லை.

மணி ஆறு இருபத்தைந்து. டாக்ஸிக்குப் போட்டுப் பார்த்தார். முப்பது நிமிஷம் என்று காட்டியது, அப்புறம் அதுவும் ரத்தாகிவிட்டது. மச்சான் இருப்பது ஊரின் அந்தக் கோடியில். ஏழு மணியைத் தவறவிட்டால் அவளுடைய மெஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். முந்தின நாளே அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. ஒரு கட்டடத்தையே மேலும் கீழும் ஓட வைத்த மனுஷன், நாலு ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்வதறியாமல் நின்றார்.

"டீச்சருக்கு ஆஸ்பத்திரி நாளா?"

கையில் துண்டோடு கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

மெக்கானிக் கூச்சத்தோடு தலையை மட்டும் ஆட்டினார்.

"என் வண்டியில ஏத்துங்க. சீக்கிரம்."

கடைக்காரர் ஏதோ ஒரு பட்டனை அழுத்தினார். முன்சீட் தானாகப் பின்னுக்குப் போய், சற்றே உயர்ந்து நின்றது. டீச்சர் மூச்சு வாங்காமல், யாரையும் பிடித்துக்கொள்ளாமல் அதில் உட்கார்ந்தாள். தங்கள் காரில் அவள் தாழ்வான சீட்டில் இறங்கி உட்காரும்போது பல்லைக் கடிப்பது மெக்கானிக்குக் கண்முன் வந்தது. வாரத்துக்கு மூன்று நாள், அதைத் தினசரிச் சங்கதி போலப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோமே என்று சுருக்கென்றது. பின்சீட்டில் போய் ஒடுங்கி உட்கார்ந்தார்.

வண்டி மழைக்குள் கிளம்பியது. முதல் சந்திப்பில் இடதுபக்கம் திரும்பும்போது கடைக்காரர் திரையைப் பார்த்தார், பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், தலையைத் திருப்பவில்லை. இரண்டாவது சந்திப்பில் இடுப்போடு சேர்த்து உடம்பையே திருப்பினார். டீச்சர் அதைக் கவனித்துக்கொண்டே வந்தாள். வகுப்பில் நாற்பது பேரைக் கவனித்த கண்.

"கழுத்துல என்ன தம்பி?"

"அதுவா டீச்சர்? முதுகெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே வர்ற வியாதி. கீழேயிருந்து ஆரம்பிச்சுது, போன வருஷம் கழுத்தும் நின்னுபோச்சு. திரும்பாது, குனியாது. தினம் காலையில நீந்தினாத்தான் மிச்சம் இருக்கறதாவது இருக்கும்."

"அய்யோ. வண்டி ஓட்டலாமா?"

"விட்டுடலாம்னுதான் இருந்தேன். அப்பதான் நாலு பக்கமும் கேமரா வச்ச வண்டியைப் பத்திக் கேள்விப்பட்டேன். டாக்டர் கூடவே உட்கார்ந்து, ஓட்டச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். இந்தத் திரை இல்லேன்னா நான் வீட்டோட கிடக்கவேண்டியதுதான்."

பின்சீட்டில் மெக்கானிக்குக் காது சூடேறியது. 'கழுத்தைத் திருப்பிப் பார்த்தாப் போதாதா?' என்று பனியனோடு நின்று கத்தியது அவர்தானே. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வண்டி சாலையில் தேங்கிய தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு சீராகப் போனது.

ஆறு ஐம்பத்தேழுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர் லேட்டா வந்ததே இல்லையேன்னு இப்பதான் பேசிக்கிட்டிருந்தோம்" என்று சொல்லி உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

தாழ்வாரத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். மெக்கானிக் கடைக்காரருக்கு எதிரே வந்து நின்றுகொண்டார், அவர் திரும்பவேண்டியிருக்கக் கூடாது என்று.

"சார், அன்னிக்கு நான் பேசினது..."

"விடுங்க."

"இல்ல சார், விடக் கூடாது. தெரியாம பேசினேன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். நான் கேக்கவே இல்ல."

கடைக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். "அன்னிக்குக் கோபம் வந்துச்சு. உண்மையைச் சொல்லிடலாம்னும் தோணிச்சு. சொன்னாப் பரிதாபப்படுவீங்க. அதுக்குத் திட்டு வாங்கறதே மேல்னு விட்டுட்டேன்." பிறகு சிரித்தார். "அப்புறம், பீப் சார்னு பேர் வச்சதும் நீங்கதானாமே? என் பொண்ணே இப்ப அப்படித்தான் கூப்பிடறா."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே அவரும் சிரித்துவிட்டார்.

நீச்சலுக்குப் போகாமல் கடைக்குப் போன கடைக்காரர், சொன்னபடி பதினொன்றரைக்குத் திரும்பி வந்தார். சிகிச்சை முடிந்தால் டீச்சருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கும். அவர் சீட்டைச் சாய்த்து, சூடேற்றும் பட்டனையும் போட்டுவிட்டார். பாதி வழியில் டீச்சர் தூங்கிப்போனாள். தூங்கிக்கொண்டே வீடு வருவது அதுதான் முதல் தடவை. மெக்கானிக் வழி நெடுக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி தன்பாட்டுக்கு நாலைந்து தடவை பீப் போட்டது. ஒன்றும் தோன்றவில்லை அவருக்கு.

ஒயர் மாற்ற ஐந்து நாளாயிற்று. நடுவில் வந்த இரண்டு ஆஸ்பத்திரி நாட்களிலும், கேட்காமலே காலையில் பக்கத்துக் கதவு திறந்தது.

கைம்மாறாக என்ன செய்வது என்று மெக்கானிக் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய டூல் பாக்ஸோடு போய் நின்றார்.

"சார், பானெட்டைத் திறங்க. எலி உங்க வண்டியை மட்டும் விட்டு வைக்குமா?"

கடைக்காரர் தயங்கினார். "உண்மையைச் சொல்லணும்னா, வாங்கின நாள்லேர்ந்து நான் அதுக்குள்ள பார்த்ததே இல்ல. குனிய முடியாதே. சர்வீஸ் விட்டாத்தான் உண்டு, ஒரு வருஷமா அதுவும் தள்ளிப்போயிடுச்சு."

உள்ளே இலையும் தழையும் குப்பையாகக் கிடந்தன. ஏர் ஃபில்டர் கரித்துணி மாதிரி இருந்தது. முன்டயர்களின் உள்ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தது, நின்று பார்த்தால் தெரியாத இடம். "இதோட மழையில ஓட்டியிருக்கீங்க சார்!" என்று மெக்கானிக் பதறினார். அன்று மத்தியானமே டயர் கடைக்குக் கூடப் போனார், சக்கரத்தை நேர் செய்யும்வரை கூடவே நின்றார். இரண்டு கார்களுக்கும் அடியில் கம்பிவலை அடித்தார்.

அதற்காகக் கொள்கையை விட்டுக்கொடுத்துவிட்டார் என்றில்லை. "கேமரா சரி. சீட்டு ரொம்பச் சரி. ஆனா ஏசியைக் கூட்டறதுக்குத் திரையை நாலு தடவை தொடணும்னு வச்சிருக்கான் பாருங்க, அவனைக் கூட்டிட்டு வாங்க, கேக்கறேன். ரோட்டை யார் பாக்கறது?"

"அதுல நான் உங்க கட்சி" என்றார் கடைக்காரர். "எனக்கும் திருகற குமிழ் ஒண்ணு வேணும். தடவிப் பார்த்தே திருகணும்."

மச்சான் போன் செய்தான். "அப்போ புது வண்டி பார்க்கலாமா மாமா?"

"வேணாம்டா. நானே பார்த்துக்கறேன்."

பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிப் போட்ட பேரிங்கை வேலை செய்யுமிடத்தில் தேடி எடுத்தார். அதன் மேலும் கீழும் இரண்டு வட்டத் தகடு, அதற்கு மேலே தடித்த மெத்தை. பக்கவாட்டில் உட்கார்ந்து உடம்போடு உள்பக்கம் சுற்றிக்கொள்ளலாம். பெல்ட் போட்டால் அசையாமல் நிற்க ஒரு கொக்கி. பழைய சீட்டின் அடியிலும் இரண்டு விரற்கடை உயர்த்தி போல்ட் முறுக்கினார்.

"உட்காரு டீச்சர்."

அவள் உட்கார்ந்தாள். தாழ இறங்கவேண்டியிருக்கவில்லை. கதவின் ஓரத்தை லேசாகத் தள்ளியதும் மெத்தை அவளைச் சுமந்துகொண்டு முன்பக்கம் திரும்பியது. பல்லைக் கடிக்கவில்லை. அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இது எப்பங்க பண்ணினீங்க?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"யோசனை சார் வண்டியோடது, பேரிங் லிஃப்டோடது. நான் சும்மா போல்ட் முறுக்கினேன்."

"வெளிய சுத்திக் காட்டுங்க, இன்னொரு தடவை."

அவள் மூன்று தடவை உள்ளேயும் வெளியேயும் சுற்றினாள். பக்கத்தில் நின்ற கடைக்காரர் பொறுக்கமாட்டாமல், "நான் ஒரு தடவை?" என்று கேட்டார். டீச்சர் இறங்கி இடம் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து, மெல்லக் காலால் உந்தினார். கழுத்து அசையாமலே மாடிப்படி, தென்னங்கன்று, கேட்டு, மெக்கானிக் என்று ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்கு நேரே வந்து போயின.

"இதே மாதிரி என் கடை நாற்காலிக்கும் ஒண்ணு பண்ணித் தருவீங்களா?" என்றார்.

மெக்கானிக் அப்போதே அளவெடுக்கும் டேப்பை எடுக்க உள்ளே போய்விட்டார்.