நின்றால் வரும் வலி

பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில், நீள பெஞ்சு ஒன்றில் நெட்டை படுத்திருந்தாள். மூன்று பேர் உட்காரும் இடத்தை அவள் ஒருத்தியே அடைத்திருந்தாள். அப்படியும் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காவலாளி வந்து எழுப்புவான். எழுந்து உட்காருவாள். பின்மண்டையைப் பிடித்து யாரோ கீழே இழுப்பதுபோல வலி கிளம்பும். அவன் முதுகைத் திருப்பியதும் மறுபடி சாய்ந்துவிடுவாள். சுவரோரம் நின்றிருந்த அவள் கணவன், பக்கத்து பெஞ்சுக்காரர்களின் பார்வை படாமல் இருக்க கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பூச்சு வேலைக்காரன் அவன். அங்கே விரிசல் எதுவும் இல்லை.

அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சுடச்சுட ஓடும் உருளைக்குள் விட்டுத் தேய்ப்பார்கள். உருளைக்கு முன்னால் இரண்டிரண்டு பெண்கள், ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேலை தொடங்கும்போது நின்றால், முடியும்போதுதான் நகர்வது. உயரமாக இருந்ததால் நெட்டை என்ற பட்டப்பெயர் வந்தது. வண்டியில் குவித்த ஈர மூட்டைகளை எட்டி இறக்குகிற வேலையும் கூடவே வந்து சேர்ந்தது. அப்படி ஒரு மூட்டையை இறக்கும்போதுதான் தோள்பட்டைகளுக்கு நடுவே சுளீரென்றது. பிடிப்பு என்று நினைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். மறுநாள் பாயிலிருந்து எழுந்ததும் தலைவலி ஆரம்பித்தது.

தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் சளி கோத்திருக்கிறது என்றார். கண்ணாடி போட்டுப் பார்த்தாள். மனதில் ஏதாவது கவலையா என்றுகூட ஒருவர் கேட்டார். தலைவலிதான் கவலை என்றாள் அவள். படுத்தால் வலி போய்விடும். நின்றால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். அதுதான் வம்பாகப் போயிற்று. சலவைக்கூடத்தில் துணி மூட்டைகளின் மேல் ஒரு நாள் அவள் சாய்ந்திருந்ததைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"படுத்தா சரியாப் போகுதுன்னா அது வியாதி இல்லம்மா, சோம்பேறித்தனம்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

உருளையில் அவளுக்கு ஜோடியாக நிற்கும் பெண் மட்டும் அதை நம்பவில்லை. சொல்லப்போனால் நெட்டைக்கே சந்தேகம் வந்திருந்தது. வீட்டில் தரையில் படுத்தபடியே காய் நறுக்குவாள். கணவன் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான். முதல் வாரம் முழுக்கக் கஞ்சிதான். முகம் சுளிக்காமல் செய்தான். ஆனால் அவள் படுத்துக்கொண்டே சிரித்துப் பேசும்போதெல்லாம் அவன் ஒரு மாதிரி பார்ப்பான். அந்தப் பார்வை அவளுக்கு வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஜோடிக்காரிதான் நச்சரித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள்.

காவலாளி மறுபடி வந்து அதட்டியபோது, அந்த வழியாகப் போன டாக்டரம்மா நின்றுவிட்டார். நரம்புப் பிரிவு டாக்டர் அவர். ஏன் படுத்திருக்கிறாய் என்று கேட்டார். படுத்தால் வலிக்கவில்லை என்றாள் நெட்டை, திட்டு விழும் என்று எதிர்பார்த்துக்கொண்டு.

"எழுந்தா உடனே வருதா?"

"கொஞ்ச நேரத்துல வந்துடுது. காதுக்குள்ள தண்ணி போன மாதிரி அடைக்குது."

"எதையாவது கனமாத் தூக்கினியா?"

மூட்டைக் கதையைச் சொன்னாள். டாக்டரம்மா காவலாளியைப் பார்த்து, "இவங்க படுத்தே இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி வலி இறங்கிவிட்டதுபோல இருந்தது அவளுக்கு.

தலையையும் முதுகையும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா காத்திருப்புக் கூடத்துக்கே வந்து இருவருக்கும் பொறுமையாக விளக்கினார். மூளையிலிருந்து முதுகுத்தண்டுவரை ஓர் உறை இருக்கிறதாம். அதற்குள் இருக்கும் நீரில்தான் மூளை மிதக்கிறதாம். உறை எங்கோ கிழிந்து நீர் கசிகிறது. நீர் குறைந்துபோனதால், நிற்கும்போது மூளை கீழே இறங்கி இழுக்கிறது. படுத்தால் அந்த இழுப்பு இல்லை. அவள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, முதுகில் அந்த உறைக்கு வெளியே ஊசியால் செலுத்துவார்கள். அது உறைந்து ஓட்டையை அடைக்கும். சிலருக்கு இரண்டாம் தடவையும் செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

கணவன் முதல்முறையாக வாய் திறந்தான். "தொட்டி கசிஞ்சா நாங்க சிமெண்டு வச்சு அடைப்போமே, அந்த மாதிரியா?"

"அதேதான். சிமெண்டு மட்டும் உங்க சம்சாரத்துகிட்டயே இருக்கு."

அவன் சிரித்தான். பிறகு மனைவியின் காலைப் பிடித்து மெதுவாக அழுத்தினான். கூடத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவன் கூரையைப் பார்க்கவில்லை.

ஊசி போடும்போது முதுகில் பாரமாக அழுத்தியது. முடிந்ததும் மல்லாந்து கிடக்கச் சொன்னார்கள். விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, இது எங்கள் சலவைக்கூடத்து உருளையில் தேய்த்தது இல்லை, இவ்வளவு சுருக்கம் நாங்கள் விடமாட்டோம் என்று நர்ஸிடம் குறை சொன்னாள். மறுநாள் எழுந்து உட்கார்ந்தாள். வலி வரும் என்று காத்திருந்தாள். நின்றாள். ஜன்னல்வரை நடந்தாள். ரொம்ப நேரம் அங்கேயே நின்று, கீழே போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் கொண்டுவந்த டீயையும் நின்றுகொண்டே குடித்தாள்.

சில வாரம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, கொஞ்ச நாள் உட்கார்ந்து செய்யும் வேலையாகக் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். சூப்பர்வைசர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். தேய்த்து வரும் விரிப்புகளில் கிழிசல் பார்க்கிற வேலை. தலை லேசாக இருந்தது. உருளைச் சத்தத்துக்கு மேலே அவள் ஏதேதோ பாடிக்கொண்டிருந்தாள்.

டீ நேரத்தில் ஜோடிக்காரியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். ஜோடிக்காரிக்கு இது ஏழாம் மாதம். செருப்பு வாரைச் சுற்றிப் பாதம் வீங்கியிருந்தது. காலை நீட்டி, கண்ணை மூடி, "சொர்க்கம்க்கா" என்றாள். மற்ற பெண்களும் சுற்றி நின்று சிரித்தார்கள். அந்தப் பக்கமாக வந்த சூப்பர்வைசர் கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"டாக்டர் சீட்டு இருக்கவங்களுக்குத்தான்மா நாற்காலி. பிள்ளைத்தாச்சியா இருக்கிறது வியாதி இல்லையே."

மணி அடித்தது. ஜோடிக்காரி நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். உருளைக்கு முன்னால் போய், ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றபடி, ஈர விரிப்பின் முனையைத் தேடிப் பிடித்தாள்.