அடுப்பேறாத வரைக்கும்

காளியம்மா நீட்டிய தேத்தண்ணியைக் கோயில் தலைவர் உடையப்பன் பார்க்கவே இல்லை. அவருடைய கண் அவள் தோளுக்குப் பின்னால், கொல்லையில் உருண்டு கிடந்த பரங்கிக்காய்களின் மேல் இருந்தது. அவற்றில் ஒன்றைத் தூக்க இரண்டு ஆளும் ஒரு பிரார்த்தனையும் வேண்டும். அப்படிக் காய்த்துக் கிடந்தன.

"ஆறிடும், குடிங்க தலைவரே."

"இப்பத்தான் குடிச்சேன்லா."

முப்பது வருஷமாக இந்தக் கடைசி லயத்து வீடுகளுக்கு எப்போது வந்தாலும் அவர் இப்போதுதான் குடித்திருப்பார். அவர் குடித்ததாகச் சொன்னதையெல்லாம் சேர்த்தால் சிலாங்கூர் ஆறு எப்போதோ வற்றியிருக்கவேண்டும். உள்ளே மகள் லெட்சுமி, கேத்தலை அடுப்பு மேடையில் 'ணங்' என்று வைத்தாள்.

அது எண்பத்து நாலாம் வருஷம். புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே போகும் அந்தச் செம்பனைத் தோட்டத்தின் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு நேர்த்தி உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் அரிசியில்லாமல் சனம் செத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு வீடு விளைந்த கிழங்கையும் கீரையையும் ஒன்றாகக் கொட்டிப் பகிர்ந்து தின்று உயிர் பிழைத்தார்கள். அன்றிலிருந்து திருவிழாச் சாப்பாட்டில் தோட்டத்து மண்ணில் விளைந்த காய்தான் வேகவேண்டும். பாசாரில் வாங்கிய காய் ஆத்தாளுக்கு ஆகாது.

இந்த வருஷம் ஆத்தங்கரை உடைந்து எல்லா லயத்துக் கொல்லைகளும் தண்ணீரில் அழுகிப் போயின. தப்பியது கடைசி லயம் மட்டும். அது சுடுகாட்டை ஒட்டிய மேட்டில் இருந்தது. காளியம்மாவின் சாதிக்கு அதுதான் இடம் என்று அந்தக் காலத்துக் கங்காணி மண்டோர்கள் ஒதுக்கிவைத்த மேடு அது.

"எல்லாத்தையும் அள்ளிக்குங்க தலைவரே. ஒன்னே ஒன்னு கேக்குறேன். லெட்சுமி கொட்டகைக்குள்ள வந்து, அடுப்புக்கிட்ட நின்னு சமைக்கணும்."

உடையப்பனின் மீசை இரண்டு பக்கமும் தொங்கிப் போயிற்று.

போன வருஷம் சாம்பார் அண்டாவில் உப்பு குறைகிறது என்று லெட்சுமி ஒரு கை அள்ளிப் போட்டாள். அவ்வளவுதான். நானூறு பேருக்கான சாம்பாரை, அவளை நிற்கவைத்து, அவள் கண் முன்னாலேயே வாய்க்காலில் கொட்டினார்கள். அண்டாவைச் சாம்பல் போட்டு ஏழு தரம் தேய்த்தார்கள். வாய்க்கால் மீன்கள் ஒரு வாரம் ஏப்பம் விட்டதாகக் கேள்வி. அந்தச் சாம்பாரில் வெந்திருந்ததும் காளியம்மாவின் பரங்கிக்காய்தான். லெட்சுமி அதற்குப் பிறகு கோயில் பக்கமே போகவில்லை.

"ஒன் காய வேணாம்னா சொன்னேன்? பச்சையா லோரி நெறையக் குடு, வாங்கிக்கிறோம். பச்சைக்குத் தோஷமில்ல. அடுப்பேறி உப்பு விழுந்துட்டா அது வேற. நானா சொல்றேன்? முறைலா."

"ஜப்பான்காரன் காலத்துல எங்க மாமியா அவிச்ச கெழங்கத் தின்னுதானே ஒங்க உசுரு நின்னுச்சு? அதப் பச்சையாவா தின்னீங்க?"

"அது பஞ்ச காலம்மா. பழசக் கிண்டாத. நாளன்னிக்கு லோரி அனுப்புறேன்."

காளியம்மா கொல்லைக் காய்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"லோரி வேணாம். திருவிழா அன்னிக்குக் காலையில நானே கொண்டாந்து எறக்குறேன்."

"நீதான் நல்ல மனுஷி!"

அவர் போனதும் தேத்தண்ணியைப் பரங்கிக்கொடியின் வேரில் ஊற்றினாள். லெட்சுமி வாசலில் வந்து நின்றாள். "குடுக்கப் போறியா? ஒனக்குச் சூடு சொரணை இல்லியாம்மா?"

"குடுப்பேன்டி. கல்யாண அண்டாவெல்லாம் யார் யார் வீட்டுல இருக்குன்னு பாரு."

திருவிழா அன்று காலை, செம்பனைக் குலை ஏற்றும் தள்ளுவண்டிகள் நான்கு கோயில் வாசலில் வந்து நின்றன. கொட்டகையில் அரிவாள்மணைகளைத் தீட்டிவைத்துக்கொண்டு பெண்கள் காத்திருந்தார்கள். காளியம்மா அண்டாக்களின் மூடியைத் திறந்தாள். ஆவி எழும்பிக் கோபுரத்துப் பொம்மைகளுக்கே வியர்த்தது. மஞ்சளும் உப்பும் போட்டு வெந்த பரங்கிக்காய், மரவள்ளி, பயத்தங்காய், கீரை.

"என்னா இது?" என்றார் உடையப்பன்.

"காய், தலைவரே."

"வெந்திருக்கே!"

"ஆமா. லெட்சுமிதான் வேக வெச்சா. உப்பும் அவதான் போட்டா. இந்தத் தடவ அளவா இருக்கு."

"பச்சையா ஒன்னும் இல்லியா?"

"ஒரு காம்புகூட இல்ல."

கோயில் நிர்வாகம் மரத்தடியில் கூடியது. நாற்பது வருஷ நேர்த்தி ஒரு பக்கம், லெட்சுமி போட்ட உப்பு ஒரு பக்கம். கால் மணி நேரத்தில் ஆத்தாள் மனம் மாறிவிட்டாள். பாசார்க் காய் பரவாயில்லை என்று தலைவர் வழியாகத் தெரிவித்தாள். முட்டைக்கோசு வாங்க லோரி செகிஞ்சான் பாசாருக்குப் பறந்தது. அந்த முட்டைக்கோசை நட்டவன் யார், தண்ணீர் ஊற்றியவன் என்ன சாதி என்று போனவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

போன லோரி வெள்ளச் சேற்றில் மாட்டிக்கொண்டது. மணி ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. சோறு ஆறிக் கல்லானது. பூசாரியின் வயிறு கூவியது உடுக்கைக்கு மேலே கேட்டது.

காளியம்மா வண்டிகளைக் கோயில் வேலிக்கு வெளியே திருப்பி நிறுத்தி, வாழையிலையை விரித்தாள். அகப்பை லெட்சுமியின் கையில். முதலில் வந்தவள் இரண்டாவது லயத்து நவமணி. அவள் புருஷன் சன்னாசி வேலிக்குள்ளிருந்து கத்தினான். "ஏய், எங்க போற? மானத்த வாங்காத!"

"நீங்க முட்டகோசுக்குக் காத்திருங்க. எனக்குப் பசிக்குது," என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் நவமணி.

பிறகு இரண்டு பேர், பிறகு ஒரு குடும்பம். எல்லோரும் வந்துவிடவில்லை. பாதிச் சனத்துக்கு மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எச்சிலை விழுங்கிக்கொண்டு, வேலிக்குள்ளேயே இருந்தது. வாய்க்காலில் கொட்டிய சாம்பார் நினைவுக்கு வர, காளியம்மாவுக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது. லெட்சுமி மட்டும் தலை நிமிராமல், கை ஓயாமல் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் தண்ணீர் வடிந்து கொல்லைகள் காய்ந்தன. எல்லோரும் மண்ணைக் கொத்தினார்கள், பலரிடம் விதைதான் இல்லை. உடையப்பன் மறுபடியும் கடைசி லயத்து வாசலில் நின்றார்.

"பரங்கி வெத வேணும் காளியம்மா. வெத பச்சைதானே, தோஷமில்ல."

காளியம்மா மகளைப் பார்த்தாள். லெட்சுமி உள்ளே போய், பத்திரிகைத் தாளில் மடித்த ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். உடையப்பன் பிரித்தார். பொன்னிறமாய், உப்புப் பூத்து, கமகமவென்று இருந்தன விதைகள்.

"வறுத்துட்டியா!"

"பச்ச வெதைய அன்னிக்கி எங்ககிட்ட சாப்ட்டவங்களுக்குக் குடுத்துட்டோம் தலைவரே," என்றாள் காளியம்மா. "இது ஒங்களுக்குன்னு லெட்சுமி வறுத்து வெச்சது."

அவர் பொட்டலத்தைக் கீழே போடவும் முடியாமல், வாயில் போடவும் முடியாமல் நின்றார். லெட்சுமி தேத்தண்ணியை எடுத்து வந்தாள்.

"இப்பத்தான்..." என்று தொடங்கினார்.

"தெரியும்," என்றாள் லெட்சுமி. அவர் எதிரிலேயே நின்று, மடக் மடக்கென்று அதைத் தானே குடித்தாள்.